கேமரன் மலைக்குப் போய் ஏமாறாமல் திரும்ப

மலேசியா போகிறவர்கள் பத்துமலை முருகனைக் கும்பிட்ட கையோடு கேமரன் மலைக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிடுகிறார்கள். திரும்பும்போது பலர் சொல்வது ஒன்றுதான்: "நம்ம ஊட்டி எவ்வளவோ மேல்." அந்தக் குறையில் பாதி நியாயம். மீதிப் பாதி, நாளையும் தங்குமிடத்தையும் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் வருவது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். தங்கும் ஊரான தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம் ஏற்காட்டின் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அதனால் பகலில் வெயில் உறைக்கும், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். பல்லை நடுங்க வைக்கும் குளிரைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த மலை சரிப்படாது. தேயிலைச் சரிவுகளுக்கு இணையாக, பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் வெள்ளை பிளாஸ்டிக் கூரைகளும் கண்ணில் படும். படங்களில் அவற்றை வெட்டிவிடுகிறார்கள்.

நாள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை, மலேசியப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போவது ஒரே சாலை. பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் வரும் கியா பார்ம் சந்தையில் கார்கள் ஓரங்கட்டி நிற்பதால் அதற்கு முன்னும் பின்னும் வண்டிகள் தேங்கிவிடும். வார நாளில் கால் மணி நேரத்தில் முடியும் ஐந்தாறு கிலோமீட்டர், சனிக்கிழமை ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

'போ' (BOH) என்ற தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்ட மையத்துக்குப் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. எனவே திங்கள் மதியம் மலையேறி, செவ்வாய் முழுக்கச் சுற்றி, புதன் காலை இறங்குவது நல்ல கணக்கு. கோலாலம்பூரிலிருந்து பேருந்துக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். அன்றே போய் அன்றே திரும்பினால் பொழுதெல்லாம் சாலையிலேயே போய்விடும்.

தங்க தானா ராத்தா நல்லது. பேருந்து நிலையம், நடைபாதைகள், தோசையும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும் கடைகள் எல்லாம் நடக்கிற தூரம், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். அறைகளில் பெரிய தொல்லை ஈரம். பணம் கட்டுமுன் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், போர்வையைத் தொட்டுப் பாருங்கள், வெந்நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். பூசண வாடை அடித்தால் மாடியில், சன்னல் வெளிப்பக்கம் திறக்கிற அறையாகக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை சீக்கிரம் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடிப்பது இங்கே சகஜம். சுங்கை பாலாஸுக்கு மையம் திறக்கிற நேரத்துக்கே போய்விட்டால் குறுகலான தோட்டப் பாதையில் எதிர்வண்டித் தொல்லை குறைவு, சரிவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் இடமும் கிடைக்கும். கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்களைத் தேடாதீர்கள். பெரும்பாலும் இயந்திரத்தாலும் கத்தரியாலும்தான் வெட்டுகிறார்கள். 1929இல் தொடங்கிய இந்தத் தோட்டங்களைக் காடு வெட்டி உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரியது. பிரிஞ்சாங்கில் உள்ள தெண்டாயுதபாணி கோயிலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

பாசிக்காடுதான் இந்த மலையின் உண்மையான செல்வம். 2,000 மீட்டருக்கு மேல், மேகம் மோதி மோதி ஒவ்வொரு கிளையும் கைப்பருமன் பாசி போர்த்தி நிற்கும். மேலே ஏறும் பாதை மோசம், சொந்த வண்டி வேண்டாம். லேண்ட்ரோவரில் அரைநாள் கூட்டிப்போகிறார்கள். மரப்பலகை நடைபாதை அன்று திறந்திருக்கிறதா என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள். அது மூடியிருந்தால் வேறு எதையோ காட்டிவிட்டு அதே தொகையை வாங்கிக்கொள்வது உண்டு.

எண் போட்ட காட்டுப்பாதைகளில் தனியாகப் போகாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கே உலாவப் போனவர். எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, பட்டாம்பூச்சிக் கூடம் மூன்றும் குழந்தைகள் இருந்தால் மட்டும், அதிலும் ஏதாவது ஒன்று. பழம் புளிக்கும், நீங்களே பறித்தால் விலையும் கூடுதல். இரவில் ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது) சாப்பிடும் சைவர்கள், அந்தச் சாறு எதில் செய்தது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காய்கறி மட்டும் போட்டாலும் சாறு பெரும்பாலும் கோழி எலும்பில் வைத்ததுதான்.

இறங்கும்போது தாப்பா வழி வளைவுகள் வயிற்றைப் புரட்டும். வாந்தி வருகிறவர்கள் அரைமணி முன்பே மாத்திரை போட்டு, முன்பக்க இருக்கையாகப் பதிவு செய்யுங்கள். மழையில் மண் சரிந்து சாலை அடைபடுவதும் உண்டு என்பதால், அன்று மாலையே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.