போலந்தின் சின்ன ஊருக்குப் போகிறீர்களா? திக்கோச்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்து என்றதும் பெரும்பாலானவர்கள் வார்சா, கிராகோவ் என்று இரண்டு ஊருக்குத் திட்டம் போடுவார்கள். மிச்சமிருக்கும் ஒரு நாளில் "ஏதாவது அமைதியான சின்ன ஊர்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பெரிய நகரம் நம் நேரத்துக்கு வளைந்து கொடுக்கும். இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு கிடைக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு டிராம் வரும், ஆங்கிலம் பேச ஆள் இருப்பார்கள். சின்ன ஊருக்கு அதற்கென்று ஒரு நேரம் உண்டு. நாம்தான் அதற்குள் போய் உட்கார வேண்டும்.

எனக்கு நன்றாகப் பழகிய ஒரு ஊரை வைத்தே சொல்கிறேன். போலந்தின் வடகிழக்கில், நாரெவ் ஆற்றங்கரையில் இருக்கும் திக்கோச்சின். மக்கள்தொகை சுமார் 2000. பியாவிஸ்தோக் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். (வரைபடத்தில் அந்த நகரின் பெயரில் 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதை 'வ' போலத்தான் சொல்ல வேண்டும். "பியாலிஸ்டாக்" என்று கேட்டால் டிக்கெட் கொடுப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.) நடுவில் கல் பாவிய சதுக்கம், அதில் தளபதி ஸ்தெஃபான் சார்னியெத்ஸ்கியின் சிலை. 1763-இல் வைத்தது, போலந்தின் மிகப் பழைய பொதுச் சிலைகளில் ஒன்று. சதுக்கத்தின் கிழக்கே இரட்டைக் கோபுரத் தேவாலயம், மேற்கே 1642-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்னர் இரண்டாம் சிக்மண்ட் அகஸ்டின் கோட்டை. 1572-இல் அந்த மன்னர் இறந்த பிறகு, அடக்கம் செய்வதற்காகக் கிராகோவுக்குக் கொண்டுபோகும்வரை அவருடைய உடலை இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். இப்போது நிற்பது இந்த நூற்றாண்டில் திரும்பக் கட்டியது.

பஸ் அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்ப்பது

வார்சாவிலிருந்து பியாவிஸ்தோக்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கிருந்து திக்கோச்சினுக்குப் பஸ் அல்லது மினிபஸ். சிக்கல் இங்கேதான்.

ஒரு ஜூலை மாதம். திரும்பி வருவதற்காக நிறுத்தத்தில் நின்றேன். அட்டவணையில் நேரம் தெளிவாகப் போட்டிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று, பஸ் வரவில்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நின்றார். பேச்சு எதுவும் இல்லாமல், அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருந்த ஒரு எழுத்தில் விரலை வைத்தார். பிறகு கீழே, அதற்கான விளக்கத்தில் வைத்தார். 'எஸ்' என்றால் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மட்டும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை பள்ளி விடுமுறை. அந்த பஸ் அன்றைக்கு வரப்போவதே இல்லை.

போலந்துக் கிராமப்புற பஸ்களில் பல, பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் நம்பி ஓடுகின்றன. அதனால் 'எஸ்' போலவே 'டி'யும் முக்கியம். திங்கள் முதல் வெள்ளி வரை, அதுவும் அரசு விடுமுறை இல்லாத நாட்களில் மட்டும் என்று பொருள். சனி, ஞாயிறில் வண்டிகள் பாதிக்கும் கீழே போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு வாரம் குளிர்கால விடுமுறை உண்டு. அது மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு வாரத்தில் வரும். ஆகவே ஊரில் இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் பஸ்ஸின் அட்டவணையை எழுத்துக்களோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொள்வது. சில நிறுத்தங்களில் "ந ஜோந்தானியே" என்று எழுதியிருக்கும். கையைக் காட்டினால்தான் வண்டி நிற்கும் என்று அர்த்தம். காட்டாமல் ஓரமாக நின்றால் ஓட்டுநர் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை.

கிழமை பார்க்காமல் போவது

2018-இல் ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்புச் சட்டம் வந்தது. இப்போது வருடத்தில் ஏழெட்டு ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறக்காது. உரிமையாளரே கல்லாவில் நின்றால் சின்னக் கடை திறக்கலாம், பெட்ரோல் பங்க் திறந்திருக்கும், உணவகங்களுக்கும் தடையில்லை. ஆனால் 2000 பேர் இருக்கும் ஊரில் அதை நம்பி இறங்க முடியாது. சனிக்கிழமையே தண்ணீர், ரொட்டி, பழம் வாங்கி வைத்துவிடுங்கள். திங்கட்கிழமையும் சரிப்படாது, அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்றைக்கு மூடியிருக்கும். செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் போவதுதான் என் யோசனை. ஒரு இரவாவது தங்குங்கள். பகல் வண்டிகள் கிளம்பிப் போன பிறகு, ஆற்றங்கரையில் தவளைச் சத்தம் கேட்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே தங்கலாம்.

மே 1, மே 3, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 எல்லாம் அரசு விடுமுறை. ஈஸ்டர் முடிந்து அறுபதாம் நாள் வரும் நற்கருணைத் திருவிழா வியாழக்கிழமையும் அப்படியே. அன்றைக்குத் தெருவில் பிர்ச் மரக்கிளைகளால் அலங்கரித்த நான்கு பீடங்கள் வைத்து, சிறுமிகள் பூ இதழ்களைத் தூவிக்கொண்டே ஊர்வலம் போவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கேமராவோடு ஊர்வலத்துக்குக் குறுக்கே மட்டும் ஓடாதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள். தேவாலயத்துக்கும் இதையே சொல்வேன். திருப்பலி நடக்கும்போது உள்ளே சுற்றிப் பார்க்கக் கூடாது. முடியும்வரை வெளியே இருங்கள், அல்லது கடைசி வரிசையில் அமைதியாக உட்காருங்கள்.

டிசம்பரில் மாலை மூன்றரைக்குள் இருட்டிவிடும். அந்த மாதத்தில் மதியம் வந்து இறங்கினால் ஊரையே பார்க்க முடியாது.

"நன்றி"யைத் தப்பான நேரத்தில் சொல்வது

இது பணம் போகும் தவறு. உணவகத்தில் 62 ஸ்வோத்தி பில் வருகிறது. நூறு ஸ்வோத்தி நோட்டை நீட்டிக்கொண்டே "ஜென்குயே" என்று நன்றி சொன்னால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருளாகிவிடும். பரிமாறுபவர் ஏமாற்றவில்லை, நாம்தான் அப்படிச் சொல்லியிருக்கிறோம். பணம் கொடுக்கும்போது "ப்ரோஷே" என்று சொல்லுங்கள். நன்றியை மீதி கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு சொல், "நோ". பேச்சுப் போலிஷில் அதற்கு "ஆமாம்", "ம்ம்" என்று பொருள். இல்லை என்பதற்கு "நியே". "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்கிற வீட்டம்மாவிடம் "நோ, நோ" என்றால் தட்டு நிரம்பிவிடும்.

கடைக்குள் நுழையும்போது "ஜென் தோப்ரி" என்று வணக்கம் சொல்லாமல் நேரே அலமாரிக்குப் போவது பெரிய நகரத்தில் யார் கண்ணிலும் படாது. சின்ன ஊரில் படும். அங்கே கடைக்குள் நுழைவது ஒருவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி. அதேபோல வயதில் மூத்தவர்களையும் அறிமுகம் இல்லாதவர்களையும் "நீ" என்று பேசக் கூடாது. ஆணைப் "பான்" என்றும் பெண்ணைப் "பானி" என்றும் மரியாதையாகச் சொல்ல வேண்டும். நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசும் நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுப் பேசும்போதுதான் மறந்துபோகிறது. பண்ணை வீட்டில் அறை எடுத்துத் தங்கினால் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் நமக்குப் பழக்கம்தான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் போடக்கூடாத நேரம். பால்கனியில் நின்று வீட்டோடு வீடியோ காலில் பேசுவதையும் அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யூரோ வைத்துக்கொண்டு போகாதீர்கள், போலந்தின் பணம் ஸ்வோத்தி. ஏடிஎம் இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா?" என்று கேட்டால் மறுத்துவிட்டு ஸ்வோத்தியிலேயே எடுங்கள், மாற்று விகிதத்தில் நஷ்டம் குறையும். மினிபஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும். ஆற்றங்கரையோ சதுக்கமோ, பொது இடத்தில் மது குடித்தால் அபராதம் உண்டு.

சைவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது

சின்ன ஊர்களில் முக்கியச் சாப்பாடு மதியம் ஒன்றிலிருந்து நான்கைந்து மணிக்குள். இரவு எட்டு மணிக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

இந்தப் பகுதி உருளைக்கிழங்குச் சமையலுக்குப் பெயர்போனது. அதில்தான் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். "கர்த்தாச்சே" என்பது உருளைக்கிழங்கு மாவு உருண்டை. ஆனால் உள்ளே இறைச்சிப் பூரணம் இருக்கும். "பாப்கா" என்று அடுப்பில் சுடும் உருளைக்கிழங்குப் பணியாரத்தில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கலந்திருக்கும். "பியெரோகி ருஸ்கியே" என்ற கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் மட்டும்தான். ஆனால் மேலே பொரித்த கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். "இறைச்சி வேண்டாம்" என்று நீங்கள் சொன்னாலும், அந்தத் தூவலை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். அதனால் "பெஸ் ஸ்க்வாரெக்" என்று தனியாகச் சொல்லுங்கள். கொழுப்புத் துண்டு இல்லாமல் என்று பொருள். வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் போட்டுக் கேட்டால் ருசியாகவே இருக்கும். சூப்புகளை இறைச்சிச் சாற்றில் வைப்பதுதான் பொதுவான வழக்கம், காளான் சூப் என்றாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய "நலெஷ்னிக்கி" அப்பத்தை நம்பி வாங்கலாம்.

நாரைகளைத் தேடி செப்டம்பரில் வருவது

திக்கோச்சினுக்குச் சற்றுத் தள்ளி பென்டோவோ என்று ஒரு பண்ணை. பள்ளிக்கூடத்தில் படித்த அதே செங்கால் நாரைதான் அங்கே மரங்களின் மேல் கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சு பொரிக்கிறது. 2001-இல் ஐரோப்பிய நாரைக் கிராமம் என்ற பட்டம் பெற்ற இடம். பொதுவாக மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பறவைகள் ஆகஸ்ட் முடிவதற்குள் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். செப்டம்பரில் வருகிறவர்கள் வெறும் கூடுகளைத்தான் பார்ப்பார்கள். மே, ஜூன், ஜூலைதான் சரியான காலம்.

ஊரின் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

மேலே சொன்ன எதைத் தவறவிட்டாலும் சமாளிக்கலாம். இதைத் தவறவிடக் கூடாது.

வருகிறவர்கள் சதுக்கத்தைச் சுற்றுகிறார்கள், தேவாலயத்தைப் பார்க்கிறார்கள், "எவ்வளவு அமைதி!" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த அமைதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1522-இல் யூதர்கள் இங்கே குடியேறினார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஊரின் மேற்குப் பாதி அவர்களுடையது. போருக்கு முன் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள். 1941 ஆகஸ்ட் 25-ஆம் தேதி நாஜிப் படையினர் அவர்களை இதே சதுக்கத்தில் கூடச் சொன்னார்கள். அன்றும் மறுநாளும் வோபுஹோவோ காட்டுக்குக் கொண்டுபோய், வெட்டி வைத்திருந்த குழிகளின் அருகில் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். குழந்தைகளும் இருந்தார்கள்.

தொழுகைக்கூடம் மட்டும் நிற்கிறது. போர்க்காலத்தில் அதைக் கிடங்காக வைத்திருந்தார்கள். 1970களில் சீரமைத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். நடுவில் நான்கு பெருந்தூண்களுக்கு இடையே, மறைநூலை வாசிக்கும் மேடை. சுவர்களைச் சுற்றி எபிரேய, அரமேய மொழிகளில், பெரிய பெரிய கட்டங்களுக்குள் பிரார்த்தனைகள். அச்சிட்ட புத்தகம் எல்லோர் கையிலும் இல்லாத காலத்தில், நின்ற இடத்திலிருந்தே பார்த்துச் சொல்வதற்காகச் சுவரில் எழுதியவை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எழுத்துக்களைச் சுற்றிக் கொடியும் இலையும் வரைந்திருப்பது தெரியும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் நில்லுங்கள். அழகான பின்னணி என்று அந்தச் சுவருக்கு முன்னால் ஆள் மாற்றி ஆள் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

ஊர் எல்லையில் பழைய யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் மண்டி, கற்கள் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். புல்வெளி என்று நினைத்து உட்கார்ந்து சாப்பிட்டுவிடாதீர்கள். அப்புறம், காட்டுக்குப் போக சைக்கிளோ காரோ வேண்டும். உயரமான மரங்களுக்கு நடுவே வேலியிட்ட புதைகுழிகள், நினைவுக்கல், போலந்துக்காரர்கள் ஏற்றிவிட்டுப் போன கண்ணாடி விளக்குகள், யூதர்கள் தங்கள் வழக்கப்படி வைத்துவிட்டுப் போன சின்னச் சின்னக் கற்கள். இங்கே வருவதற்குப் பூ வாங்க வேண்டாம். வழியில் ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.