வயிறு நிறைந்த மீனுக்கும் சத்துக் குறையும்: தொட்டி மீன்களுக்கு உணவிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டி வைத்திருப்போரிடம் உணவைப் பற்றிக் கேட்டால், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அதிகம் போட்டால் தண்ணீர் கெடும் என்பதும், குறைத்துப் போட்டால் மீன் வாடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் நாள்தோறும் வயிறு நிறையத் தின்றுவந்த மீனுக்கே முதுகெலும்பு வளைவதும், நிறம் வெளிறுவதும், சின்னக் காயம்கூட ஆறாமல் நிற்பதும் உண்டு. அங்கே குறைந்தது உணவின் அளவு அன்று. அந்த உணவில் இருந்திருக்க வேண்டிய சத்து.

கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுப் பழகிய நமக்கு, மீன் எதைத் தின்றாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. உண்மையில் குளத்து மீன் பொரியால் பிழைப்பதில்லை. பாசி, நீர்ப்பூச்சி, புழு, நத்தை, மக்கிய இலைதழை, கண்ணுக்குத் தெரியாத நீர்நுண்ணுயிர்கள் என்று அது நாள் முழுவதும் பலவற்றை மேய்கிறது; பொரி அதற்கு இடையில் கிடைக்கும் நொறுக்குத்தீனி, அவ்வளவே. கண்ணாடித் தொட்டிக்குள் அந்த மேய்ச்சல் நிலம் கிடையாது. நாம் போடுவதில் எது இல்லையோ அது மீனுக்கு வேறெங்கிருந்தும் கிடைக்காது. பொரி, பிஸ்கட், ரொட்டித்துண்டு, சோற்றுப் பருக்கை ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். மீனோ தன் உடல் இயங்குவதற்கான ஆற்றலையே பெருமளவு புரதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உயிர். மாவுச்சத்தை, அதிலும் ஊனுண்ணி இனங்கள், அரைகுறையாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத 10 அமினோ அமிலங்கள் அதற்கு உணவின் வழியாகவே வந்தாக வேண்டும்.

பழைய தீவனம்

பிஸ்கட் போடுவோர் இப்போது குறைந்துவிட்டார்கள். அதைவிடப் பரவலாக நடப்பதும், பலர் தவறென்றே நினைக்காததும், நல்ல தீவனத்தை வாங்கி அது கெட்ட பிறகும் போட்டுக்கொண்டிருப்பதுதான். சத்துக்குறைவுக்கான காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் இதையே முதலில் வைப்பேன்.

மனிதரைப் போலவே, பெரும்பாலான எலும்பு மீன்களாலும் வைட்டமின் சி-யைத் தம் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதற்கு வேண்டிய கடைசிப்படி நொதி அவற்றிடம் இல்லை. சுறாக்களும் ஸ்டர்ஜன் மீன்களும் இதற்கு விலக்கு என்றாலும், அவற்றை யாரும் வரவேற்பறையில் வளர்ப்பதில்லை. எலும்பு, குருத்தெலும்பு, தோல், செவுள் ஆகியவற்றைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் கொலாஜன் என்னும் புரதம் சரியாக உருவாவதற்கு இந்த வைட்டமின் தேவை. அது போதாதபோது, வளரும் பருவத்து மீன்களுக்கு முதுகெலும்பு பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ வளைகிறது, செவுள்மூடி முழுமையாக வளராமல் உள்ளே இருக்கும் செவுள் வெளித்தெரிகிறது, துடுப்புகளின் அடியில் இரத்தம் கசிகிறது, காயங்கள் ஆற மறுக்கின்றன. இத்தனை முக்கியமான இந்தச் சத்துதான் வெப்பம், ஈரம், காற்று, வெளிச்சம் ஆகிய நான்கினாலும் எளிதில் அழிகிறது. கடலோர ஊர்களில் இந்த நான்குக்கும் பஞ்சமே இல்லை.

ஆகவே மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, கண்ணாடித்தாள் பையில் கட்டி, தேதியில்லாமல் கடைவாசலில் வெயில்படத் தொங்கும் தீவனத்தை விலை குறைவு என்பதற்காக வாங்குவது வீண். அதில் புரதம் மிச்சமிருக்கும். வைட்டமின் இருக்குமா என்பதற்கு உறுதியில்லை. சென்னை கொளத்தூர் போல வண்ணமீன் வியாபாரம் மிகுந்த இடங்களில் சரக்கு விரைவாக விற்றுப்போவதால் புதிய டப்பா கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், அங்கும் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். டப்பாவின் பின்புறத்தில் உட்பொருள் பட்டியலையும் படியுங்கள். மீன்தூள், இறால்தூள், பூச்சிப்புழுத்தூள் போன்றவை முதலிலும் கோதுமை, சோயா, அரிசித்தவிடு போன்றவை பின்னாலும் வருவது ஊனுண்ணி மீன்களுக்கு நல்லது. வைட்டமின் சி என்று வெறுமனே போடாமல் எல்-அஸ்கார்பில்-2-பாலிபாஸ்பேட் என்று போட்டிருந்தால், அது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் வடிவம் என்று பொருள்.

கெட்டுப்போவது வைட்டமின் மட்டுமன்று. தீவனத்தில் உள்ள மீனெண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போகும்போது, அதைத் தின்னும் மீனின் உடலில் இருக்கும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்து செலவாகிறது. ஜப்பானில் காறிப்போன பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களைத் தீவனமாகத் தின்ற கெண்டை மீன்களுக்கு முதுகுச்சதை கரைந்து உடல் கத்திபோல் மெலிந்துபோன நோய் ஏற்பட்டது. செகோகே என்று அதற்குப் பெயர். வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்தபோது அந்த நோய் தடுக்கப்பட்டது. வீட்டில் இருக்கும் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல தீவனம் கருவாட்டு வாசனையோ இறால் வாசனையோ அடிக்கும். பழைய எண்ணெயின் சிக்கு நாற்றமோ பூஞ்சையின் புழுங்கல் வாசனையோ வந்தால், டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறதே என்று யோசிக்காமல் குப்பையில் கொட்டிவிட வேண்டும்.

நான்கு மீன் வைத்திருப்பவர் ஒரு கிலோ பொட்டலம் வாங்கத் தேவையில்லை. திறந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் தீர்ந்துபோகும் அளவே போதும். பெரிய பொட்டலம் வாங்க நேர்ந்தால், அதைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் காற்றுப்புகாமல் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு பங்கை மட்டும் வெளியே எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே டப்பாவைத் தினமும் வெளியே எடுத்து, குளிர் ஆறுமுன் திறந்து, மறுபடியும் உள்ளே வைத்தால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரம் படியும். தொட்டியின் மூடிமேல், விளக்குக்குப் பக்கத்தில் டப்பாவை வைக்கும் வழக்கம் இதைவிட மோசம். மற்றொரு தவறு, பெல்லட் என்னும் குறுமணித் தீவனத்தை நீண்ட நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுவது. வைட்டமின் சி-யும் பி வகைகளும் நீரில் கரைபவை என்பதால், வடித்த தண்ணீரோடு அவையும் போய்விடும். இதே காரணத்தால், மீன் உடனே தின்னாமல் மிதந்துகொண்டே இருக்கும் ஃபிளேக்ஸ் என்னும் மெல்லிய செதில் தீவனத்திலும் கணத்துக்குக் கணம் சத்துக் குறைகிறது. இரண்டு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போட வேண்டும் என்ற பழைய விதி, தண்ணீரின் சுத்தத்துக்காக மட்டும் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லா மீனுக்கும் ஒரே டப்பா

கோல்டு ஃபிஷ்ஷுக்கு வயிறு என்ற தனி உறுப்பு கிடையாது. தின்பது நேராக நீண்ட குடலுக்குப் போகிறது. ஆகவே அதற்குச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதும், 30 விழுக்காட்டை ஒட்டிய புரதமும் கொஞ்சம் தாவர உணவும் பொருந்தும். ஆஸ்கர் போன்ற ஊனுண்ணிக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் வேண்டியிருக்கும். கோல்டு ஃபிஷ் தீவனத்தையே காலமெல்லாம் தின்னும் ஆஸ்கர் புரதப் பற்றாக்குறையால் வளர்ச்சி குன்றும். ஃபைட்டர் மீன் பூச்சியுண்ணி. கோதுமை மாவு மிகுந்த மலிவு ஃபிளேக்ஸ் அதற்கு ஆகாது.

மிகவும் பரிதாபத்துக்குரியது சக்கர் மீன்தான். கண்ணாடியைச் சுத்தம் செய்யும், கழிவைத் தின்னும் என்று சொல்லியே விற்கப்படுவதால், அதற்கென்று தனி உணவு வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. புதிதாக வைத்த தொட்டியில் இருக்கும் பாசி அதற்குச் சில நாளைக்குக்கூடக் காணாது. மற்ற மீன்களின் எச்சத்தை அது தின்னாது. விளக்கை அணைத்த பிறகு, தாவர உணவுக்கென்று தயாரித்த மூழ்கும் மாத்திரைத் தீவனத்தைப் போட வேண்டும். அவித்த பூசணித்துண்டும் தோலுரித்த பச்சைப்பட்டாணியும் கொடுக்கலாம். வெள்ளரிக்காயை அது ஆசையாக மொய்த்தாலும் அதில் பெரும்பங்கு தண்ணீரே என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது. பேனாக் போன்ற மரம் சுரண்டும் இனமாக இருந்தால் தொட்டிக்குள் ஒரு மரக்கட்டையும் தேவை. இந்த மீனை மேலிருந்து பார்த்து எடைபோடுவதும் தவறு, ஏனெனில் முதுகு முழுவதும் எலும்புத் தகடுகள். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள். குழிந்திருந்தால் அது பல நாட்களாகப் பட்டினி கிடக்கிறது.

இங்கே தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்னீர் மீன்கள் தமக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பாஸ்பரஸ் மட்டும் பெரும்பாலும் உணவிலிருந்து வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்புக்கு அஞ்சி, ஆர்.ஓ. இயந்திரத்து நீரை மட்டுமே தொட்டிக்கு ஊற்றுவோர், கால்சியத்தின் அந்த வழியைத் தாமே அடைத்துவிடுகிறார்கள். கடினநீரில் வாழப் பழகிய மோலி, கப்பி ஆகியவைதான் இதனால் முதலில் துன்பப்படும். குழாய்நீரைக் குளோரின் நீக்கி ஆர்.ஓ. நீருடன் கலந்து விடுவது எளிய வழி.

உயிருணவும் இறைச்சியும்

உயிருள்ள இரைதான் இயற்கை, ஆகவே அதில் எல்லாச் சத்தும் இருக்கும் என்று நம்புவோர் ஒரு பக்கம். பிளட் வார்ம், டியூபிஃபெக்ஸ் ஆகிய சிவப்புப் புழுக்கள் மீன்கள் பாய்ந்து தின்பவை என்பது உண்மை. ஆனால் அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்னும் மீனுக்கு ஒரே வகைச் சத்து மிஞ்சி, மற்றவை குறையும். டியூபிஃபெக்ஸ் சாக்கடை ஓடைச் சேற்றில் செழிக்கும் புழு என்பதால் கிருமிகளையும் கனஉலோகங்களையும் சுமந்து வரக்கூடும். வாரத்தில் ஓரிரு முறை துணை உணவாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துக் கொடுப்போர், அவை பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக அவை தம் கருமஞ்சளைத் தாமே செலவழித்துச் சத்திழக்கின்றன.

பெரிய ஊனுண்ணிகளை வளர்ப்போரிடம் வேறொரு வழக்கம் உண்டு. அரோவானாவுக்கும் ஆஸ்கருக்கும் மலிவான சின்னக் கோல்டு ஃபிஷ்களை இரையாக விடுகிறார்கள். கோல்டு ஃபிஷ், கெண்டை, நெத்திலி மற்றும் மத்திக் குடும்பத்தைச் சேர்ந்த சில கடல்மீன்கள் ஆகியவற்றின் உடலில் தயமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 ஆகிய தயமினைச் சிதைத்துவிடும். இந்த இரையையே தொடர்ந்து தின்னும் மீன், மற்ற உணவில் தயமின் இருந்தாலும் அதை இழந்து, நிலைதடுமாறி நீந்துவதும், வலிப்புக் கண்டாற்போல் துடிப்பதும், கடைசியில் இரையெடுக்க மறுப்பதும் நேரும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பண்ணை நரிகள் பச்சைக் கெண்டை மீனைத் தின்று வாதம் கண்டு இறந்ததைத் தொடர்ந்தே இந்த நொதியின் கதை வெளிப்பட்டது. உறைய வைத்தால் தயமினேஸ் அழியாது; வேகவைத்தால் அழியும். ஆகவே சந்தையில் வாங்கிய மீன்துண்டைக் கொடுப்பதாயின் அவித்துக் கொடுக்கலாம், அல்லது பெல்லட்டுக்கே பழக்கிவிடலாம். முதல் சில நாட்கள் மீன் அடம்பிடிக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரிய மீன் அந்தச் சில நாட்களைத் தாங்கும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் போன்றவற்றையே முதன்மை உணவாக்குவதும் ஆகாது. நிலவிலங்குகளின் கொழுப்பை மீன் சரிவரச் செரிக்க முடியாமல் அது கல்லீரலில் போய்ச் சேர்கிறது.

தண்ணீரில் விடும் சொட்டுகள்

சத்துக் குறைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தவுடன் குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டு மருந்தைத் தொட்டியில் விடுவோர் உண்டு. நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதே மிக அரிது. அதன் உடலுக்குள் தண்ணீர் தானாகவே புகுந்துகொண்டிருக்கிறது, அதை வெளியேற்றுவதுதான் அதற்கு வேலை. ஆகவே தண்ணீரில் விட்ட வைட்டமின் மீனைச் சேராமல் பாக்டீரியாவைத்தான் வளர்க்கும். கொடுப்பதாக இருந்தால், மீன்களுக்கென்று விற்கும் மருந்தைத் தீவனத்தின்மேல் தெளித்து, அது உறிஞ்சப்பட்டவுடன் போட வேண்டும். அளவையும் மீறக் கூடாது. ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் தேங்கி நஞ்சாகக் கூடியவை. தரமான தீவனம் புதிதாக இருந்தால் பெரும்பாலான தொட்டிகளுக்கு இந்த மருந்து தேவைப்படாது.

நோயா, சத்துக்குறைவா

வளைந்த முதுகு என்றால் வைட்டமின் சி குறைவு என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் செய்த கப்பிகளுக்குப் பிறவியிலேயே முதுகு வளைந்திருக்கும். மைக்கோபாக்டீரியம் என்னும் கிருமியால் வரும் மீன் காசநோயிலும் முதுகு வளையும், உடல் மெலியும்; அந்தக் கிருமி நம் கையில் உள்ள கீறல் வழியாக நமக்கும் புண் உண்டாக்கும் என்பதால், சந்தேகம் இருக்கும் தொட்டியில் வெறுங்கையை விடக் கூடாது. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழுவை நினைக்க வேண்டும். கழிவுத் துளையில் சிவப்பு நூல்போல் நீட்டிக்கொண்டிருப்பது காமலானஸ் புழு, அதற்கு மருந்துதான் வழி, தீவனம் அன்று. நிறம் வெளிறுவதற்கு உணவில் கரோட்டினாய்டு என்னும் நிறமி இல்லாமை ஒரு காரணம். மீன்களால் சிவப்பு, ஆரஞ்சு நிறமிகளைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறாலும் ஸ்பைருலினா என்னும் நுண்பாசியும் சேர்ந்த தீவனம் அதற்கு உதவும். ஆனால் தண்ணீரில் அம்மோனியா இருந்தாலும் நிறம் வெளிறும் என்பதால், முதலில் நீரைச் சோதித்துவிட்டுத் தீவனத்துக்கு வருவதே முறை.

தொட்டியில் ஒரே ஒரு மீனுக்கு மட்டும் குறை இருந்து, அதே உணவைத் தின்னும் மற்றவை நன்றாக இருந்தால், பெரும்பாலும் நோயோ பிறவிக் குறையோ அல்லது மற்ற மீன்கள் துரத்துவதால் அதற்கு இரை கிடைக்காததோ காரணமாக இருக்கும். ஒரே இனத்து மீன்கள் பலவற்றில் ஒரே குறை மெல்ல மெல்லத் தலைகாட்டினால் தீவனத்தைச் சந்தேகிக்கலாம். தீவனத்தை மாற்றிய பிறகு நிறமும் சுறுசுறுப்பும் திரும்பச் சில வாரங்கள் ஆகும். வளைந்துபோன எலும்பு நிமிராது. ஆனால் அந்த மீன் இரையெடுத்து நீந்திக்கொண்டிருக்கும் வரை, வளைவு மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டு வளர்க்கலாம்.