நியூயார்க்கில் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு: வாக்காளர் பதிவுக் கேள்வியைக் கவனியுங்கள்

நியூயார்க் மாநிலத்தில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க விசாவும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம். 2019 ஜூனில் கையெழுத்தாகி அந்த டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கிரீன் லைட் சட்டம் இதற்கு வழி திறந்தது. அசைலம் (அடைக்கலம்) வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர், வேலை போய் எச்-1பி வேலை விசா முடிந்துபோனவர், விசா காலம் கடந்தும் தங்கியிருப்பவர் என யாராக இருந்தாலும், 16 வயது ஆகியிருந்தால் 'ஸ்டாண்டர்டு' லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். குடியேற்ற நிலை என்ன என்று டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) கவுண்டரில் கேட்கக் கூடாது என்பதே சட்டம்.

இவ்வளவும் நம்மவர்கள் வாழும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி முழுக்கத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த விண்ணப்பப் படிவத்திலேயே, பிற்காலத்தில் கிரீன் கார்டு கிடைக்கும் வழியை வாழ்நாளுக்கும் அடைத்துவிடக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான். மற்ற படிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வகை லைசென்ஸ் உண்டு: ஸ்டாண்டர்டு, என்ஹான்ஸ்டு, ரியல் ஐடி. குடியேற்ற நிலைக்கான ஆவணம் கையில் இல்லாதவர்கள் ஸ்டாண்டர்டு என்று மட்டும் கேளுங்கள். அதன் முகப்பில் 'மத்திய அரசுப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த குடிமக்களே லட்சக்கணக்கில் அதே அட்டையை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து உங்கள் நிலையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்கு இந்த அட்டை போதாது, காலாவதியாகாத சொந்த நாட்டுப் பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாளம் வேண்டும். ஆனால் நிலை இல்லாதவர்கள் விமான நிலையம் போவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பப் படிவம் எம்வி-44. அடையாளத்துக்கு மொத்தம் 6 புள்ளி சேர வேண்டும். காலாவதியாகாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு 4 புள்ளி. மீதியை வங்கி ஸ்டேட்மென்ட், மின்சார பில், சம்பளச் சீட்டு போன்ற ஒற்றைப் புள்ளி ஆவணங்களால் நிரப்பலாம். எல்லாம் அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. எல்லையில் பாஸ்போர்ட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்ட ஈழத்து நண்பர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். வேலை அனுமதி அட்டை வந்திருந்தால் அதற்கும் புள்ளி உண்டு. புதுப் பாஸ்போர்ட் எடுக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகலாமே என்று நினைத்தால், அசைலம் வக்கீலிடம் கேட்காமல் போகாதீர்கள். எந்த அரசுக்குப் பயந்து வந்ததாகச் சொல்கிறீர்களோ, அதே அரசின் அலுவலகத்துக்குப் போய் நின்றது வழக்கில் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

நம்மவர்கள் அதிகம் திரும்பி அனுப்பப்படுவது பெயரால்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்து, 'செந்தில்குமார் ராமசாமி' முழுவதும் முதற்பெயர்க் கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் அது அப்படியே குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது) என்று விழும். வங்கியில் 'செந்தில்குமார் ஆர்', மின்சார பில்லில் 'ஆர். செந்தில்'. ஊரில் இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று எவருக்கும் தெரியும். இங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இது மூன்று பேர். அதனால் டிஎம்விக்கு நாள் குறிக்கும் முன்பே, வங்கிக் கணக்கிலும் பில்லிலும் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பெயரைத் திருத்துங்கள். புதிய பெயரோடு ஸ்டேட்மென்ட் வர ஒரு மாதம் பிடிக்கும், அந்த ஒரு மாதத்தையும் கணக்கில் வையுங்கள். பின்னால் கார் இன்சூரன்ஸும் வண்டிப் பதிவும் இதே பெயரில்தான் வர வேண்டும், இரண்டும் பொருந்தாவிட்டால் வண்டியைப் பதிய மாட்டார்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள், தங்களுக்கு அந்த எண் ஒருபோதும் வழங்கப்பட்டதில்லை என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்திடலாம். 'ஒருபோதும்' என்றால் ஒருபோதும்தான். எச்-1பியில் வேலை பார்த்தவருக்கும், வேலை அனுமதி அட்டை ஒருமுறையாவது வாங்கியவருக்கும் பெரும்பாலும் எண் இருக்கும். விசா முடிந்தாலும் அந்த எண் சாகாது. எண் உள்ளவர்கள் அதைத்தான் கொடுக்க வேண்டும். இருக்கும்போது இல்லை என்று எழுதினால் அது பொய்ச் சத்தியம்.

எழுத்துத் தேர்வில் 20 கேள்வி, 14 சரியாக இருக்க வேண்டும். அதில் சாலைக் குறியீடு பற்றிய 4 கேள்விகளில் குறைந்தது 2 சரியாக வர வேண்டும். கண் பார்வை 20/40. பர்மிட் (பழகுநர் உரிமம்) கைக்கு வந்ததும் 5 மணி நேர வகுப்பு, பிறகு ரோடு டெஸ்ட். பர்மிட்டோடு ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ள, 21 வயது கடந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரப் பூங்காக்களுக்குள் உள்ள சாலைகளிலும், வெஸ்ட்செஸ்டரில் ஹட்சின்சன் ரிவர், சா மில் ரிவர், கிராஸ் கவுன்டி, டகோனிக் பார்க்வேக்களிலும் பர்மிட்டில் ஓட்டக் கூடாது.

ரோடு டெஸ்டில் 30 புள்ளிக்கு மேல் கழிந்தால் ஃபெயில். இருபது வருஷம் சென்னையில் ஓட்டிய அனுபவம் இங்கே எதிரியாகவே வேலை செய்யும். ஸ்டாப் பலகை முன்னால் வேகத்தைக் குறைத்து நகர்ந்து போவது, தலையைத் திருப்பாமல் கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டியை எடுப்பது, சந்தில் ஹாரன் அடித்துவிட்டு நுழைவது எல்லாமே புள்ளியைத் தின்னும். சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பது தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் ஊரில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள், இங்கே பெரும்பாலும் 'நீ போ' என்று எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், எதிர்ப்பக்கத்தில் வருபவரும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இருந்தாலும் நிற்க வேண்டும். நியூயார்க் நகருக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது, பலகை அனுமதித்தால் மட்டும் திரும்பலாம். இன்னொன்று, டெஸ்டில் பாஸ் ஆனதும் வெளிநாட்டு லைசென்ஸை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊரில் மறுபடி ஓட்ட அது வேண்டுமென்றால் திரும்பப் பெறும் வழியைத் தேர்வாளரிடம் அங்கேயே கேளுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள்.

இப்போது அந்தக் கேள்வி.

எம்வி-44 படிவத்தில், உயரம், கண் நிறம், உடல் உறுப்பு தானம் என்று வரிசையாகக் கேட்டு வரும் இடங்களை ஒட்டியே, 'வாக்காளராகப் பதிய விரும்புகிறீர்களா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். இது எல்லாருக்கும் பொதுவான படிவம் என்பதால் கேள்வி எல்லார் கண்ணிலும் படும். கேள்வி இருக்கிறது என்பதற்காக அது உங்களுக்கானது ஆகிவிடாது. 'ஆம்' போட்டு அந்தப் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டால், 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று சத்தியம் செய்ததாக ஆகிவிடுகிறது.

குடியேற்றச் சட்டம் மன்னிக்காத பொய்கள் மிகச் சில. குடியுரிமை இருப்பதாகச் சொல்வது அவற்றில் முதன்மையானது. 1996 செப்டம்பர் 30 அன்றும் அதற்குப் பிறகும் அப்படிச் சொன்னவருக்குக் கிரீன் கார்டு தடை நிரந்தரம். விசா மீறலுக்கும் வேறு பல தவறுகளுக்கும் உள்ள மன்னிப்பு மனு இதற்குப் பெரும்பாலும் கிடையாது. குடிமகனான மகனோ மனைவியோ பின்னால் மனு போட்டாலும் இந்தச் சுவர் நிற்கும். வாக்களித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பதிவுப் படிவமே போதும். கிரீன் கார்டு உள்ளவரையும் இதே காரணத்துக்காக நாடு கடத்த முடியும். குடியுரிமைக்கான என்-400 படிவம் நேராகவே கேட்கிறது: எப்போதாவது குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?

நம்மவர்கள் இதில் எளிதாக விழுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வாக்காளர் அட்டை என்பது தேர்தலுக்கு மட்டுமானதல்ல. சிம் கார்டு வாங்க, கேஸ் இணைப்பு எடுக்க, வங்கிக் கணக்கு திறக்க எதற்கும் அதுதான் கையில் இருக்கும். அதனால் 'பதிகிறீர்களா' என்று யாராவது கேட்டால், இன்னொரு அடையாள அட்டை கிடைக்கப் போகிறது என்று கை தானாக 'ஆம்' பக்கம் போகிறது. இன்னொரு பழக்கமும் சேர்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். இங்கேயும் படிவத்தை நிரப்பித் தர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' அடித்துக் கொடுத்தாலும் கையெழுத்து உங்களுடையது, சத்தியமும் உங்களுடையது. ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, படிவத்தை முந்தின நாளே இறக்கி, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். வாக்காளர் கேள்வியில் 'இல்லை' என்று தெளிவாகக் குறியுங்கள், காலியாக விட வேண்டாம். சமர்ப்பிக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரிலும் திரையிலும் இதே கேள்வி மறுபடி வரலாம். வரிசை நீளமாக இருக்கிறது, பின்னால் இருப்பவர் முணுமுணுக்கிறார் என்று அவசரப்படாதீர்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் டிஎம்விக்கு முகவரி மாற்றம் சொல்ல வேண்டும், அப்போதும் வாக்காளர் பதிவு பற்றிய வரி இருக்கும். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும் இருக்கும். அலுவலகத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. கலிஃபோர்னியாவில் 2018-இல் டிஎம்வியின் பிழையால் சுமார் 1,500 பேர் தவறாக வாக்காளராகப் பதிவானார்கள், குடிமக்கள் அல்லாதவர்களும் அதில் இருந்தார்கள்.

நியூயார்க் நகரில் கிரீன் கார்டு உள்ளவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. நகர மன்றம் 2021 டிசம்பரில் அப்படி ஒரு சட்டம் நிறைவேற்றியது உண்மை. அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2025 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

ஏற்கெனவே 'ஆம்' போட்டுவிட்டவர்களும், கேட்காமலே வாக்காளர் அட்டை தபாலில் வந்தவர்களும் பதறி அதைக் கிழித்துப் போட வேண்டாம். ஒருபோதும் வாக்களிக்காதீர்கள். தேர்தல் வாரியத்துக்கு நீங்களாக ஒரு கடிதம் எழுதுவதற்கு முன்னால் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். ரத்து செய்யக் கேட்கும் கடிதத்தின் வாசகமே பின்னால் சாட்சியமாகும் என்பதால் அதை அவர் எழுதட்டும். காசு இல்லையென்றால், நகரில் இருப்பவர்கள் நகர உதவி எண் 311-ஐ அழைத்து இலவசக் குடியேற்றச் சட்ட உதவி கேட்கலாம். தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வக்கீல் அல்லாத 'நோட்டரி'களிடம் இதைக் கொண்டு போகவே கூடாது.

லைசென்ஸ் வந்த பிறகு ஜூரி (நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) கேள்விப் படிவம் ஒன்று வீட்டுக்கு வரலாம், ஜூரிப் பட்டியலுக்கு டிஎம்வி பெயர்களையும் எடுப்பதால். அதைக் குப்பையில் போடாதீர்கள். குடிமகன் அல்ல என்ற கட்டத்தைக் குறித்து, கேட்ட சான்றை வைத்து அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். குடிமகன் என்று குறித்து ஜூரியில் உட்கார்ந்தால் அதுவும் அதே பொய்தான்.

விவரம் குடியேற்ற அதிகாரிகளுக்குப் போகுமா என்பது எல்லாருக்கும் உள்ள பயம். நீதிபதியின் வாரண்டோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் டிஎம்வி தரக் கூடாது, யாராவது கேட்டால் 3 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கிரீன் லைட் சட்டம் சொல்கிறது. மத்திய நீதித்துறை 2025 பிப்ரவரியில் இந்தச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டதும் இதற்காகத்தான். என் கருத்தில், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டிக்கொள்வதே இதைவிடப் பெரிய ஆபத்து.

பக்கத்து மாநிலங்களில் நியூஜெர்சி 2021 மே முதலும், மாசசூசெட்ஸ் 2023 ஜூலை முதலும் இதே வழியைத் திறந்திருக்கின்றன. கனெக்டிகட்டில் 2015 முதலே உண்டு, ஆனால் அங்கே நிலை இல்லாதவர்களுக்குத் தனி வகை அட்டை. 2023-இல் ஃப்ளோரிடா கொண்டுவந்த சட்டப்படி அந்த வகை அட்டையோடு அங்கே ஓட்ட முடியாது. டிஸ்னி போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நயாகராவுக்கு ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. லைசென்ஸ் என்பது ஓட்டும் உரிமைதான், நிலை அல்ல. அந்தப் பக்கம் எல்லைக் காவல் அதிகாரிகள் நடமாட்டம் உண்டு. ரெயின்போ பாலத்துக்கும் பஃபலோவின் பீஸ் பாலத்துக்கும் போகும் தடத்தில் தவறி ஏறிவிட்டால் கனடா போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும், திரும்பும்போது அமெரிக்க எல்லையில் ஆவணம் கேட்பார்கள். டொராண்டோவில் உறவினர் எவ்வளவு கூப்பிட்டாலும், நிலை இல்லாதவர்கள் அந்தப் பாலத்தின் பக்கமே வண்டியைத் திருப்பாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் 'நயாகரா' என்று மட்டும் போடாமல், அமெரிக்கப் பக்கத்து ஸ்டேட் பார்க்கின் வாகன நிறுத்தத்தைக் குறிப்பாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.