பழைய கார் பானெட் சிலைக்கு விளக்கு: ஓட்டை போடாமல் ஒளியூட்டும் முறை

பானெட் நுனியில் நிற்கும் சிலைக்கு விளக்கு வைக்கலாம் என்றதும் பலரின் கை முதலில் டிரில்லைத்தான் தேடும். அதை உள்ளேயே வையுங்கள். இந்தச் செய்முறையில் சிலையிலும் சரி, பானெட்டிலும் சரி, புதிதாக ஒரு ஓட்டைகூட விழாது. நாளை மனம் மாறினாலோ காரை விற்க நேர்ந்தாலோ சிலையின் நட்டைக் கழற்றி, ஒரு கனெக்டரைப் பிடுங்கினால் போதும், கார் பழையபடி ஆகிவிடும். பழைய காரில் எதைச் சேர்த்தாலும் சுவடில்லாமல் எடுக்க முடிய வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. பிரான்சின் ரெனே லலீக் 1925 முதல் கார்களுக்கென்றே கண்ணாடிச் சிலைகள் செய்தார். அடியிலிருந்து பல்பு ஒளி ஏறும்படி அவற்றைப் பொருத்திக்கொள்ளலாம், நடுவில் வண்ணத் தகடும் வைக்கலாம். 1950-களின் முற்பகுதியில் வந்த போன்டியாக் கார்களில் பானெட் மேல் இருந்த ஆம்பர் நிறப் பிளாஸ்டிக் முகம் இரவில் ஒளிர்ந்தது. ஆக, நாம் செய்யப்போவது பழைய கார் உலகத்துக்கு அந்நியமான வேலை இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். வண்டியின் முன்பக்கம் சிவப்போ நீலமோ எரியவிடுவது பெரும்பாலான நாடுகளில் தடை. நீலம் அவசர ஊர்திகளுக்கு, சிவப்பு பின்பக்கத்துக்கு. சில இடங்களில் கூடுதல் விளக்கு எதுவானாலும் விதி உண்டு. ஒளிரும் சிலையை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே ஐரோப்பிய ஒன்றியத்தில் கைவிட வேண்டிவந்தது. உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாலையில் கூடாது என்றால், கார் நிற்கும்போது மட்டும் எரியும்படி தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம்.

சிலை எதனால் ஆனது?

சிலையைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அநேகமாக அடியில் ஒன்றோ இரண்டோ திருகுத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பானெட் ஓட்டை வழியாக இறங்கி, உள்பக்கம் நட்டு போட்டு முடுக்கப்பட்டிருக்கும். ஐம்பது, அறுபது ஆண்டு துரு இருந்தால் நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருங்கள். தண்டு முறிந்தால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வேறு வேலை.

குரோம் பூசிய சிலைகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்தக் கலவை ஏறக்குறைய 380 டிகிரி செல்சியஸில் உருகும், சால்டரிங் அயர்ன் முனையின் சூடும் அதே பக்கம்தான். அதனால் இந்தச் சிலையில் நேராக ஈயம் வைக்க நினைக்கவே கூடாது. நமக்கு நல்ல செய்தி, இவற்றின் அடிப்பக்கம் பெரும்பாலும் குடைவாக இருக்கும். எல்.இ.டி.யை அங்கேதான் ஒளிக்கப்போகிறோம்.

கண்ணாடிச் சிலை என்றால், அதுவும் அசல் பழையது என்றால், தயவுசெய்து தொடாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் வேலை சுலபம். அடியிலிருந்து ஒளி கொடுத்தாலே உடம்பு முழுக்கப் பரவும்.

ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்கும் சிலைக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே கொதிநீர், நீராவி, சூடு. தண்ணீர் ஊற்ற மூடியைத் திருகும்போதெல்லாம் வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட காரில் ரேடியேட்டர் கூட்டின் மேல் விளிம்பில் சின்ன விளக்கை மறைத்து, சிலையின் மீது ஒளி படச் செய்வதே நல்லது.

எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் எர்த்?

பழைய கார் என்றால் 12 வோல்ட் என்று நினைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை 1950-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960-களின் பின்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடியது. பேட்டரியில் மூன்று மூடி இருந்தால் 6 வோல்ட், ஆறு மூடி இருந்தால் 12.

அடுத்து, பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது, அதாவது எது எர்த், என்று பாருங்கள். இன்றைய கார்களில் அது நெகட்டிவ். 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களிலும் அதற்கு முந்தைய சில அமெரிக்கக் கார்களிலும் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். சாதாரண பல்புக்கு இதில் எந்தக் கவலையும் இல்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே எரியும். மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம்.

பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாடிக்குப் போகும் முனையை முதலில் கழற்ற வேண்டும், அது பாசிட்டிவாக இருந்தாலும் சரி.

வாங்க வேண்டியவை

6 மி.மீ. தடிமன் தெளிந்த அக்ரிலிக் தகடு, 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்.இ.டி. நான்கு, அவற்றுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அரை வாட் ரெசிஸ்டர்கள் (எத்தனை ஓம் என்ற கணக்கு பின்னால் வரும்), மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று, 0.5 சதுர மி.மீ. வயர் கறுப்பிலும் சிவப்பிலும், 1 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும், சூடு பட்டால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், 1 மி.மீ. ரப்பர் ஷீட் ஒரு துண்டு. சிலிகான் பசை வாங்கும்போது மட்டும் கவனம். வினிகர் நாற்றம் அடிக்கும் வகை செம்பு வயரையும் உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். அதில் மூன்று மூன்று எல்.இ.டி.யாகத் தொடராக இணைத்திருப்பார்கள். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட், மூன்றுக்கு 9.6. 6 வோல்ட் காரில் அது கண்ணே திறக்காது. 12 வோல்ட் காரிலும் இந்த வேலைக்கு வெளிச்சம் அதிகம், பார்க்கக் கடைவீதி போல இருக்கும்.

ஒளித்தகடு செய்வது

வேலையின் உயிர் இங்கேதான், பொறுமையும் இங்கேதான் தேவை. உலோகச் சிலைக்குள் ஒளி புகாது. அதனால் சிலைக்கும் பானெட்டுக்கும் நடுவில் அக்ரிலிக் தகடு ஒன்றை உட்காரவைத்து, அதன் விளிம்பு மட்டும் ஒளிரும்படி செய்கிறோம். அந்த ஒளி குரோமில் பட்டு மேலே ஏறும்போது சிலையே ஒளிர்வது போலத் தெரியும்.

சிலையின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்த வடிவத்தை அக்ரிலிக்கில் ஒட்டி, மெல்லிய பற்கள் உள்ள ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுங்கள். வேகமாக அறுத்தால் சூட்டில் இளகி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். திருகுத் தண்டுகளுக்கு ஓட்டை போடுங்கள் (தகட்டில்தான், காரில் அல்ல!). தண்டை விட ஒரு மி.மீ. பெரிதாகவே போடுங்கள், இறுக்கமாக இருந்தால் வெடிப்பு விடும். பிறகு நடுவில், சிலையின் குடைவுக்கு நேராக, ஒரு ஜன்னல் வெட்டுங்கள். எல்.இ.டி.கள் அதற்குள் படுத்தபடி தகட்டின் உள்விளிம்பைப் பார்த்திருக்கும்.

உள்விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒளி தடையில்லாமல் நுழையும். 400, 800, 1500 என்று வரிசையாக நீர்த்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலிஷ் ஒரு துளி. வெளிவிளிம்பு நேர்மாறு. அங்கே 400-ஓடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் ஒளி சிதறி வெளியே வரும். மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் கீறல் கூடாது. நுழைந்த ஒளி அந்த இரண்டு பரப்புகளுக்கும் இடையே மோதி மோதித்தான் விளிம்புக்குப் போகிறது, கீறல் இருந்தால் வழியிலேயே கசிந்துவிடும்.

பானெட் வளைவாக இருக்குமே, தட்டையான தகடு எப்படி உட்காரும்? பானெட்டின் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்கு ஒட்டுங்கள். அதன் மேல் உப்புத்தாளை, சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டுங்கள். தகட்டை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் பானெட்டின் வளைவே தகட்டின் அடியில் பதிந்துவிடும். அந்தப் பக்கத்தை மறுபடி நீர்த்தாளால் வழவழப்பாக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் இடைவெளி தெரியும், முடுக்கும்போது தகடு உடையும்.

கடைசியாக, தகட்டின் பின்விளிம்பில், அதாவது ஓட்டுநரைப் பார்க்கும் பக்கம், கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்க பானெட் பெயின்ட்டில் ஒரு மினுக்கல் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. 6 மி.மீ. தகடு நடுவில் சேர்ந்தால் பானெட்டுக்கு அடியில் தண்டு அவ்வளவு குறைவாகவே நீட்டும். நட்டு முழுசாகப் பிடிக்கத் திருகு மிச்சம் இருக்கிறதா என்று இப்போதே போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் தகட்டைத் தேய்த்து 4 மி.மீ. ஆக்குங்கள். ஓடும் காரில் சிலை கழன்று பறந்தால் அது விளையாட்டல்ல.

ரெசிஸ்டர் கணக்கு

எல்.இ.டி. ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் தாராளம். 12 வோல்ட் கார் ஓடும்போது சார்ஜிங் 14.4 வோல்ட் வரை வரும். அதில் டையோடு 0.7, எல்.இ.டி. 3.2 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 10.5 வோல்ட். அதை 0.01 ஆல் வகுத்தால் 1,050. கடையில் கிடைப்பது 1,000 ஓம், அதுவே போதும். 6 வோல்ட் காரில் சார்ஜிங் 7.2 என்று வைத்தால் மிச்சம் 3.3 வோல்ட், ஆக 330 ஓம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது 6 வோல்ட் காரில் ஒளி கொஞ்சம் மங்கும். பழைய காருக்கு அதுவும் ஒரு அழகு என்றே விட்டுவிடலாம்.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர். ஒன்றைப் போட்டு நான்கையும் ஓட்ட வேண்டாம், மின்சாரம் சமமாகப் பிரியாது. டையோடு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போதும். வயர் தவறி மாறிப்போனால் விளக்கு எரியாமல் இருக்கும், அவ்வளவுதான். எல்.இ.டி. பிழைத்துக்கொள்ளும்.

ஈயம் வைத்துச் சோதிப்பது

எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். அந்தக் காலில் ரெசிஸ்டரை ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். நான்கு ரெசிஸ்டர் முனைகளும் சேர்ந்து சிவப்பு வயர், நான்கு குட்டைக் கால்களும் சேர்ந்து கறுப்பு வயர். சிவப்பு வயரில் டையோடு, வெள்ளைக் கோடு எல்.இ.டி. பக்கம் பார்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் ஜன்னலுக்குள் வைத்துச் சிலிகானால் நிரப்புங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பட்டு அக்ரிலிக்கில் வெள்ளைப் படலம் படியும், தேய்த்த உழைப்பெல்லாம் வீண்.

வயர் போகும் வழி

அடியில் ரப்பர் ஷீட், மேலே தகடு, அதற்கு மேல் சிலை. வயர் இரண்டும் தண்டின் ஓட்டை வழியாகவே இறங்கட்டும். அநேகமாக அந்த ஓட்டையில் இரண்டு மெல்லிய வயருக்கு இடம் இருக்கும். தகட்டின் வெட்டு விளிம்பில் உரசாமல் இருக்க அங்கே ஸ்லீவ் போடுங்கள். நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து, கையால் முடுக்கியபின் ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

பானெட்டின் உள்பக்கச் சட்டத்தை ஒட்டியே வயரைக் கீல் வரை கொண்டுபோங்கள். கீலைத் தாண்டும் இடத்தில் தாராளமாக ஒரு வளைவு விட்டு, பானெட்டை முழுசாகத் திறந்து மூடிப் பாருங்கள். வயர் இழுபடவும் கூடாது, கீலில் நசுங்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கமும் ஃபேன் பக்கமும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு

பார்க்கிங் லைட் வயரில் இருந்து மின்சாரம் எடுப்பதே எளிது. அது எரியும்போது சிலையும் எரியும், புதிய சுவிட்ச் தேவையில்லை. நான்கு எல்.இ.டி.யும் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர்தான். ஒரு 5 வாட் பார்க்கிங் பல்பே அதைப் போலப் பத்து மடங்கு இழுக்கும். பழைய வயரிங்குக்கு இது பாரமே இல்லை.

ஆனால் துணி சுற்றிய பழைய வயரைக் கத்தியால் சீவவோ, கடித்துப் பிடிக்கும் கிளிப் போடவோ கூடாது. இன்சுலேஷன் உதிர்ந்து கையோடு வரும். பிரிட்டிஷ் கார்களில் புல்லட் கனெக்டர் இருக்கும், அதாவது வயர்களின் குண்டு போன்ற முனைகளை ஒரு ஸ்லீவுக்குள் செருகி இணைத்திருப்பார்கள். இரண்டு வழி ஸ்லீவை எடுத்துவிட்டு நான்கு வழி ஸ்லீவ் போட்டால் நம் வயருக்கு இடம் கிடைத்துவிடும். மற்ற கார்களில் டெர்மினல் பிளாக்கில் ஒரு வளைய முனை வைத்து இணையுங்கள்.

மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எல்.இ.டி.யைக் காப்பாற்ற அல்ல. வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் இருக்க.

நெகட்டிவ் எர்த் காரில் சிவப்பு ஃபியூஸுக்கு, கறுப்பு பாடிக்கு. பாசிட்டிவ் எர்த் காரில் தலைகீழ், கறுப்பு ஃபியூஸுக்கு, சிவப்பு பாடிக்கு. அப்படிச் செய்தால் வயரில் ஒரு காகிதச் சீட்டுக் கட்டிவையுங்கள். அடுத்து இந்தக் காரைத் தொடப்போகும் மெக்கானிக் நிறத்தைப் பார்த்துக் குழம்பக் கூடாது.

எர்த்தைப் பானெட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பது கிரீஸும் பெயின்ட்டும் நிறைந்த கீல். விளக்கு மினுக்கு மினுக்கென்று அடிக்கும். எர்த் வயரைக் கீலைத் தாண்டிக் கொண்டுபோய், பாடியில் ஏற்கெனவே இருக்கும் எர்த் போல்ட்டில், துருவைச் சுரண்டிவிட்டுப் பிடியுங்கள்.

பேட்டரியை மாட்டுங்கள், எர்த் முனை கடைசியில். பார்க்கிங் லைட்டைப் போடுங்கள்.

இருட்டில் பார்ப்பது

பகலில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இருட்டியதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழுந்தால் பின்விளிம்பின் கறுப்பு டேப்பை இரண்டு பக்கமும் இன்னும் சற்று முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எதிரே இருபதடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கண்ணில் பட வேண்டியது ஹெட்லைட், சிலை அதற்கப்புறம். அதிகமாகத் தோன்றினால் ரெசிஸ்டரின் ஓம் அளவை இரண்டு மடங்காக்குங்கள்.

மறுநாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பானெட்டைத் திறந்து நட்டைச் சுற்றி ஈரம் இறங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் ரப்பர் ஷீட்டின் ஓரத்தில் சிலிகான் இன்னொரு கோடு. கொஞ்ச தூரம் ஓட்டியபின் நட்டை ஒருமுறை சரிபாருங்கள், புது ரப்பர் அமுங்கியதும் பிடி தளர்ந்திருக்கும்.