கணினியில் பொதுப் பரீட்சை வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பரீட்சை தொடங்கி ஆறாவது நிமிடம். "சேர், எனக்கு முடிஞ்சிது" என்று ஒரு தம்பி கையைத் தூக்கினான். நாற்பது வினா, ஒரு மணித்தியாலம். போய்ப் பார்த்தால், மூன்று வினாவுக்கு விடை கொடுத்துவிட்டு, நான்காவதற்குப் போவதாக நினைத்து 'சப்மிட்' பொத்தானை அமுக்கியிருக்கிறான். உறுதிதானா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்டிருக்கிறது. அதற்கும் 'யெஸ்'. பெரியவர்கள் ஏதாவது கேட்டால் ஓம் என்று சொல்லிப் பழகிய பிள்ளை, வேறு என்ன செய்வான்? மென்பொருள் அவனைத் திரும்ப உள்ளே விடவில்லை. நாற்பதுக்கு மூன்று. அந்த மூன்றும் சரியான விடை.

மட்டக்களப்பின் படுவான்கரையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன் நான். அன்று நடந்தது வெறும் மாதிரிப் பரீட்சை, யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று பல பாடசாலைகளில் ஒரே நாளில், தேர்ச்சி அறிக்கையில் ஏறும் புள்ளியோடு நடந்தால் என்னாகும் என்று யோசித்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. அதிபர்மார், பாட ஆசிரியர்கள், கொஞ்சம் பெற்றோருக்கும்.

முதலில் ஒரு சொல் விவகாரம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தரமான வினா, ஒரே நேரம், ஒரே விதமாகப் புள்ளியிடல் என்று நடத்தும் பரீட்சையைத் 'தரப்படுத்திய பரீட்சை' என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தரப்படுத்தல் என்றால், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்த கதைதான் மூத்தவர்களுக்கு ஞாபகம் வரும். அதனால் பொதுப் பரீட்சை என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கணினியை எண்ணுவதோடு திட்டம் முடிவதில்லை

"எத்தனை கொம்பியூட்டர் இருக்கு?" என்பதுதான் கூட்டங்களில் விழும் முதல் கேள்வி. பொருட் பதிவேட்டில் முப்பது இருக்கும். போய் எண்ணிப் பார்த்தால் வேலை செய்வது பதினெட்டு. அதிலும் இரண்டில் சுட்டி தடக்கும், ஒன்றில் திகதி 2009 என்று நிற்கும். பரீட்சைக்கு உண்மையில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை பதினைந்துதான், ஏனென்றால் நடுவில் ஒன்று படுத்தால் பிள்ளையை மாற்றி உட்கார வைக்கக் கையில் இரண்டு மூன்று இருக்க வேண்டும்.

அறுபது பிள்ளைகள், பதினைந்து இயந்திரம் என்றால் நான்கு அமர்வு. இங்கேதான் அடுத்த தவறு. முதல் அமர்வு முடிந்து வெளியே வந்தவர்கள் தண்ணீர்த் தாங்கியடியில் அடுத்தவர்களைச் சந்திப்பார்கள். கணினிக்கு மாறினால் வினாத்தாள் கசியாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 15 இல் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வினாக்கள் முன்கூட்டியே வெளியானதும், கடைசியில் மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுக்க வேண்டி வந்ததும் அந்த நம்பிக்கைக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரே வினாவை நான்கு அமர்வுக்கும் போட்டால், கசிவதற்குக் கள்ளன் தேவையில்லை, நட்பே போதும். வினாக்களின் வரிசையை மாற்றிக் கலைத்துப் போடுவதும் பெரிதாகக் கைகொடுக்காது. பிள்ளை "ஏழாவது வினா" என்று சொல்வதில்லை, "அந்த நுளம்புக் கேள்வி" என்றுதான் சொல்கிறது.

சரி, அமர்வுக்கு ஒரு வினாத்தாள் போடலாமா? போடலாம். ஆனால் காலையில் வந்தது இலகு, பின்னேரம் வந்தது கஷ்டம் என்றால், இரண்டு புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இந்தியாவில் 2019 முதல் கணினியில் பல அமர்வுகளாக நடக்கும் ஜேஇஇ மெயின் என்னும் பொறியியல் நுழைவுத் தேர்வில் இதற்காகவே நேர்ப் புள்ளியை விட்டு, அந்த அமர்வுக்குள் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் இசட் புள்ளியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. ஆயிரக்கணக்கானோர் எழுதும்போது அந்தக் கணக்குச் சரிவரும். பதினைந்து பேர் இருக்கும் அறையில் வராது. பாடசாலை அளவில் செய்யக்கூடியது எளிமையானது: முதல் குழு வெளியே வருவதற்கு முன்பே இரண்டாம் குழுவை மண்டபத்தில் இருத்திவிட வேண்டும். முடித்தவர்கள் வேறு வழியால் போக வேண்டும். நான்கு அமர்வையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இணையமும் மின்சாரமும்

வினாத்தாள் பொதியைக் குருமண்வெளித் துறையில் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏற்றி மண்டூர்க் கரைக்குச் சேர்த்துவிடலாம். சிக்னலை அப்படி ஏற்றிக்கொண்டு போக முடியாது. வாகரையிலும் வெல்லாவெளியிலும் கோமாரியிலும் வகுப்பெடுப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு விடையும் உடனுக்குடன் இணையத்தால் எங்கோ இருக்கும் சேர்வருக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாட்டைத்தான் பலர் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக.

வசதி கூடிய இடத்திலும் இது கவிழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 2016 பெப்ரவரியில் இணையவழிப் பரீட்சை தொடங்கிய முதல் நாளே இணைப்பு விழுந்தது. கடதாசிக்குத் திரும்பினார்கள். அச்சிட்ட தாளும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கடைசியில் அந்த வருடம் 3 முதல் 8 ஆம் தரம் வரை எஞ்சியிருந்த பரீட்சைகளையே கைவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கு இப்போது கணினியில் நடக்கும் எஸ்ஏடி பரீட்சையில், வினாக்களை முன்பே இயந்திரத்தில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். நடுவில் இணையம் போனாலும் பிள்ளை தொடர்ந்து எழுதலாம், விடைகள் பிறகு போய்ச் சேரும். எங்களுக்கும் இதுதான் பொருந்தும். கணினிக் கூடத்துக்குள்ளேயே ஒரு நல்ல இயந்திரத்தைச் சேர்வராக்கி, மற்றவற்றைக் கம்பியால் அதோடு இணைத்துவிட்டால் வெளியிணையம் இல்லாமலே பரீட்சை நடக்கும். விடை ஒவ்வொன்றும் உடனே பதிவாக வேண்டும், கடைசியில் ஒரே தடவையில் அல்ல. இதைப் பரிசோதிக்க ஒரே வழி, மாதிரிப் பரீட்சையின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வயரைப் பிடுங்கிப் பார்ப்பதுதான்.

கரண்ட் விஷயம் இன்னும் நிச்சயமில்லாதது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதாகச் சொன்னார்கள். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துக்கு மாரிகாலம் வேறு இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சையையே வெள்ளத்தால் இடைநிறுத்தி, டிசம்பர் 4 இல் மீண்டும் தொடங்கினார்கள். ஆகவே கார்த்திகை முதல் தை வரை கணினிப் பரீட்சைக்கு நாள் குறிக்காதீர்கள். மடிக்கணினி கிடைத்தால் மேசைக்கணினியை விட அதுவே மேல், பற்றரி தாங்கும். எப்படி இருந்தாலும் அச்சிட்ட வினாத்தாள் ஒரு கட்டு, ஒட்டிய உறையில், அதிபர் அறையில் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து என்னும் பெரிய குழி

மேலே சொன்னதெல்லாம் காசு கிடைத்தால் சரியாகிவிடும். இது அப்படியல்ல.

எங்கள் பக்கத்தில் தட்டச்சு தெரிந்தவர் என்றால் அனேகமாகப் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் பழகியவர். பாமினி ஒருங்குறி (யூனிகோட்) எழுத்து அல்ல. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். வினாவைப் பாமினியில் அடித்து ஒருங்குறி மென்பொருளில் ஒட்டினால் பிள்ளையின் திரையில் ஆங்கிலக் குப்பை விழும். மாற்றி எடுக்கலாம், ஆனால் மாற்றியபின் ஒரு ஆள் உட்கார்ந்து வரி வரியாக வாசிக்க வேண்டும். வாசிக்காமல் விட்டுத்தான் பல இடங்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் நிற்கிறது.

விசைப்பலகையும் ஒன்றல்ல. கல்லூரியில் பழகிய அக்கா ரெங்கநாதன் முறையில் அடிப்பார், இன்னொருவர் தமிழ்99. பிள்ளைகளோ போனில் ஆங்கில எழுத்தால் அடித்துத் தமிழாக்கிப் பழகியவர்கள். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பைப் போட வேண்டும், தமிழ்99 இல் முதலில் 'க'. இந்தக் குழப்பத்தோடு ஒரு பிள்ளையிடம் பத்து வரி கட்டுரை கேட்டால், சோதிக்கப்படுவது அதன் தமிழ் அல்ல, விரல்.

மறுகா, இயந்திரம் புள்ளியிடும் ஒற்றைச்சொல் வினாக்கள். 'பௌத்தம்' என்பதை 'பெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு அடிக்கும் பிள்ளைகள் நிறைய. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும். இயந்திரத்துக்கு அது வேறு சொல், ஆகவே பூச்சியம். காலுக்குப் பதில் 'ர' போடுவதும் இப்படியே. 'ொ' என்பதையே இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒப்பிடுவதற்கு முன் அதை ஒன்றாக்காத மென்பொருள் சரியான விடையைப் பிழை என்று தள்ளும். சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு வெற்றிடமும் போதும். பிள்ளை சரியாக எழுதியிருக்கிறது, ஆசிரியர் பார்த்தாலும் சரியாகத்தான் தெரிகிறது, புள்ளி மட்டும் இல்லை. இதை எந்தப் பெற்றோருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

என் கருத்து இதுதான்: முதல் இரண்டு வருடத்துக்குப் பல்தேர்வு வினாவை மட்டும் திரைக்குக் கொண்டுபோங்கள், எழுதுவதைக் கடதாசியில் விடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவுஸ்திரேலியாவில் நப்லான் என்னும் நாடளாவிய பாடசாலைப் பரீட்சையை 2018 முதல் படிப்படியாகத் தொடங்கி 2022 இல் முழுதாகக் கணினிக்கு மாற்றினார்கள், அப்போதும் 3 ஆம் வகுப்பின் எழுத்துப் பரீட்சையைக் கடதாசியிலேயே விட்டுவிட்டார்கள். அதுவும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளுக்கு. இடைப்பட்ட காலத்தில் கிழமைக்கு ஒரு பாடவேளை தமிழ்த் தட்டச்சுக்கு ஒதுக்குங்கள், எந்த முறை என்பதை வலயம் முழுதும் ஒன்றாக முடிவுசெய்துவிட்டு.

இன்னொன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் வினா வங்கிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதியவை. எங்கள் பிள்ளை 'ஒட்சிசன்' படித்தது, அங்கே 'ஆக்சிஜன்' இருக்கும். 'திகதி' என்று அடித்தால் 'தேதி' என்று எதிர்பார்க்கும். சம்மாந்துறைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் ஒரு முழு இரவு உட்கார்ந்து சொற்களை மாற்றினார். அந்த இரவைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் திட்டம் போடாதீர்கள்.

தாளை அப்படியே திரையில் ஒட்டுவது

ஒரு பக்கம் நீளும் வாசிப்புப் பந்தி, அதன் கீழே ஐந்து வினா. தாளில் கண் மேலும் கீழும் ஓடும். திரையில் பிள்ளை சுட்டியை உருட்டி உருட்டிக் களைத்துவிடும். பந்தி இடப்பக்கம், வினா வலப்பக்கம் என்று இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். கணிதத்தில் இன்னும் கவனம் தேவை. சாதாரண தரத்தில் விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. திரை கடைசி இலக்கத்தை மட்டும் வாங்கினால், வழி தெரிந்த பிள்ளையும் குருட்டடி அடித்த பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். வெற்றுத்தாளும் பென்சிலும் கட்டாயம் கொடுங்கள், கேத்திர கணித அமைப்புகளைக் கணினிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

பொத்தான்கள் தமிழில் இருக்கட்டும், 'சமர்ப்பி' என்று பொத்தாம்பொதுவாக அல்ல, 'பரீட்சையை முடிக்கிறேன்' என்று முழுதாக. அது கடைசி வினாவுக்குப் பிறகு மட்டும் தெரியட்டும். தவறி முடித்த பிள்ளையை மேற்பார்வையாளர் திரும்ப உள்ளே விடவும் வழி வேண்டும். உள்நுழையப் பெயரைக் கேட்காதீர்கள், சுட்டிலக்கம் போதும். ஒரே பெயரை இடாப்பில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம், அதைத் தேடியே எங்களுக்குப் பத்து நிமிடம் போனது. கண்பார்வை குறைந்த பிள்ளைக்கு எழுத்தைப் பெருப்பிக்கும் வசதி வேண்டும். கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதை, தயவுசெய்து, நிறுத்துங்கள்.

முதல் வருடப் புள்ளியை என்ன செய்வது

புள்ளி வந்ததும் போன வருடத் தாளோடு ஒப்பிட்டு, "கணிதத்தில் பத்துக் குறைந்திருக்கிறது, யார் பொறுப்பு?" என்று கூட்டம் போடுவது நிச்சயம் நடக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015 இல் ஒரே பரீட்சையைச் சில பாடசாலைகள் கணினியிலும் சில கடதாசியிலும் எழுதின. கணினியில் எழுதியவர்கள் குறைவாக எடுத்தார்கள், கணிதத்தை விட மொழிப் பாடத்தில் அதிகமாகக் குறைந்தது. அடுத்த வருடம் அந்த இடைவெளி சுருங்கியது, முற்றாகப் போகவில்லை. கணினியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கே அப்படி என்றால், போனைத் தவிர வேறொன்றும் தொடாத பிள்ளைக்கு எவ்வளவு இறங்கும்?

அதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு வகுப்பை இடாப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரே வினாத்தாளைப் பாதிப் பேர் திரையிலும் பாதிப் பேர் தாளிலும் செய்யட்டும். அடுத்த தவணை இடம் மாறட்டும். இரண்டு பக்கச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் இயந்திரங்கள் பிள்ளைகளிடமிருந்து வாங்கும் வரி. அது எவ்வளவு என்று தெரியும்வரை, கணினியில் எடுத்த புள்ளியைத் தேர்ச்சி அறிக்கையில் ஏற்றாதீர்கள், பாடசாலைகளை வரிசைப்படுத்தவும் எடுக்காதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் இதை முன்கூட்டியே, பரீட்சைக்கு முதலே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாட்டு என்றுதான் நினைப்பார்கள்.