எஸ்எஸ்டி வாங்கும் முன் அடி மூடியைக் கழற்றிப் பாருங்க

காரைக்குடி வீட்டில் தம்பியின் பழைய லேப்டாப் ஆன் ஆவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடும் என்று அவசரமாக ஒரு எம்.2 என்விஎம்இ (எம்.2 என்பது மெல்லிய கார்டு வடிவம், என்விஎம்இ என்பது டேட்டா வேகமாகப் போகும் முறை) வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் 2.5 இன்ச் சாட்டாவுக்கு (பழைய, வேகம் குறைந்த முறை) மட்டும்தான் இடம்! கவரைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவில்லை.

எம்.2 இடம் இருந்தாலும் உடனே நம்பாதீங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சிலது சாட்டா, சிலது என்விஎம்இ. கார்டின் தங்க நிறப் பல் வரிசையில் 2 வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, 1 வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. கார்டின் அளவாகப் போடும் 2280 என்பது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். பழைய லேப்டாப்புக்குச் சாட்டாவே தாராளம். நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும்.

மாட்டும்போது சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிடுங்க. எம்.2 கார்டைச் சாய்வாக நுழைத்து, மெதுவாக அழுத்தி, ஒற்றை ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். அந்த ஸ்க்ரூ கடுகு சைஸ். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீங்க. பூ டிசைனில் விழுந்தால் தெரியவே தெரியாது. "என்னப்பா, தரையைத் தடவிக்கிட்டு இருக்கே?" என்று ஆயா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்துத்தான் கழற்றுகிறேன்.

பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை முன்னாடியே எழுதி வச்சுக்கங்க. பழைய டிஸ்க்கை ஒரு மாசம் அழிக்காமல் வையுங்க.