சராசரி எடுத்தால் காணாமல் போகும்: அளவீட்டுச் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் தன் குவாண்டம் சிமுலேஷனின் என்ட்ரோபி வரைபடத்தை நீட்டினார். அளவீட்டு விகிதத்தை எப்படி மாற்றினாலும் அசையாத ஒரு படுக்கைக் கோடு. என் பழைய மூன்று வாரம் ஞாபகம் வந்தது.

கியூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வரிசையில் பக்கத்து ஜோடிகளுக்கு ரேண்டம் கேட், அதாவது குருட்டாம்போக்கில் எடுத்த குவாண்டம் செயல்பாடு, போடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் சில கியூபிட்களை அளக்கிறோம். கேட் கியூபிட்களுக்கிடையே உள்ள குவாண்டம் பின்னலை (entanglement) வளர்க்கும், அளவீடு அறுக்கும். அளவீடு குறைவென்றால், வரிசையின் ஒரு துண்டு மீதியோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்று சொல்லும் பின்னல் என்ட்ரோபி, அந்தத் துண்டின் நீளத்தோடு சேர்ந்து வளரும். அளவீடு ஒரு வரம்பைத் (அதுதான் மாறுமிடம்) தாண்டினால் வளராமல் நின்றுவிடும். 2018-இல் வெளிச்சத்துக்கு வந்த நிலைமாற்றம் இது. அளந்தபின் நார்மலைஸ் செய்ய (வாய்ப்புகளின் கூட்டுத்தொகையை மறுபடி ஒன்றாக்க) மறப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், நிரலே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் சராசரி, அப்புறம் என்ட்ரோபி

இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. எட்டு கியூபிட், ஆயிரம் ஓட்டம். ஒவ்வொன்றிலும் அளவீட்டு முடிவுகள் வேறு. எல்லா ஓட்டத்தின் டென்சிட்டி மேட்ரிக்ஸையும் (நிலையை விவரிக்கும் அணி) கூட்டிச் சராசரி எடுத்து, அதற்கு என்ட்ரோபி கணக்கிட்டேன். அந்தச் சராசரி, அளந்துவிட்டு முடிவைப் பார்க்காமல் எறிந்தவனுக்குத் தெரியும் நிலை. அது முழுக்கக் கலங்கியிருக்கும். 5 சதவீதம் அளந்தாலும் 50 சதவீதம் அளந்தாலும் என்ட்ரோபி ஏறக்குறைய உச்சத்தில்தான். கேட்களில் பிழை என்று நினைத்து மூன்று வாரம் துழாவினேன். கேட்கள் சரி, கணக்கின் வரிசைதான் தப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித்தனியே என்ட்ரோபி எடுத்து, கடைசியில்தான் சராசரி.

ஆய்வகத்தில் இதே விஷயம் இன்னும் படுத்தும், ஒரு ஓட்டத்தின் என்ட்ரோபியை அளக்க அதே நிலை பலமுறை வேண்டும். சமவாய்ப்புள்ள 100 அளவீடுகள் என்றால், ஒரே முடிவுத் தொடர் மறுபடி கிடைக்க சுமார் 2^100 ஓட்டம் வேண்டும். 2023-இல் 70 கியூபிட் வரை போன கூகுள் குழுவும் அளவீட்டுப் பதிவைச் சாதாரணக் கணினியின் கணக்கோடு இணைத்துத்தான் பார்த்தது.

ஜீனோ என்று சொல்லி முடிப்பது

இந்த நிலைமாற்றத்தை ஜீனோ விளைவு என்று சொல்லி முடித்துவிடுவது அடுத்த தவறு. அடிக்கடி அளந்தால் நிலை உறையும் என்ற விளைவுக்கு 1977-இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும் சுதர்சனும் வைத்த பெயர் அது. (சுதர்சன் சென்னைக் கிறித்துவக் கல்லூரி மாணவர்.) இங்கே மாறுமிடத்தில் ஒரு கியூபிட் சராசரியாக ஆறு சுற்றுக்கு ஒருமுறைதான் அளக்கப்படுகிறது. எதுவும் உறைவதில்லை.

முடிவை ஐம்பதுக்கு ஐம்பது போடுவது

ஒவ்வொரு முடிவின் வாய்ப்பையும் அப்போதைய நிலையிலிருந்தே எடுக்கச் சொல்கிறது போர்ன் விதி. அவ்வளவுதான்.

சின்ன அமைப்பை நம்புவது

பத்துப் பன்னிரண்டு கியூபிட்டில் மாற்றம் மழுங்கித்தான் தெரியும். கிளிஃபோர்டு கேட் (சாதாரணக் கணினியிலேயே வேகமாகக் கணக்கிட முடிகிற வகை) போட்டால் நூற்றுக்கணக்கில் போகலாம், ஆனால் அந்த மாறுமிடத்தைப் பொதுவான ரேண்டம் கேட்டுக்கு ஒட்டவைக்காதீர்கள், இரண்டும் (ஒரு சுற்றில் ஒரு கியூபிட் அளக்கப்படும் வாய்ப்பு) 0.16, 0.17 பக்கம்தான், ஒன்றல்ல.

மாணவி இரண்டு வரியை இடம் மாற்றினார், கோடு வளைந்தது. இப்போது 12 கியூபிட்டை வைத்து மாறுமிடத்தை மூன்றாம் தசமம் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.